நல்ல திருத்தம் செய்த கோளாறு

2019-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாகத் தர்மபுரிக்குப் போய், அங்கிருந்து பென்னாகரத்துக்குச் சமீபத்தில் உள்ள ஒரு கிராமத்தை அடைந்தோம். அங்கே நமது பால்ய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டு, ஒக்கேனக்கல் அருவியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவதென்று உத்தேசம். காப்பி சாப்பிட்டோம், ஆனால் அருவியைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு மடிக்கணினி.

நண்பருடைய பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. என்ஜினீயரிங் படித்துக் கொண்டிருந்தாள். நாம் போன சமயம் அவள் கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து, மடிமேலிருந்த யந்திரத்தின் கறுப்புத் திரையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கணினிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டோம்.

"முந்தாநாள் வரை நன்றாகத்தான் இருந்தது, மாமா. புதிய பதிப்பைப் போட்டேன். அதிலிருந்து பொத்தானை அழுத்தினால் பாதி வழி வந்து நின்றுவிடுகிறது" என்றாள்.

அடுப்பங்கரையிலிருந்து பாட்டி குரல் கொடுத்தாள்: "நேற்றுப் போல் எதையாவது தட்டிக் கொண்டே இரேன் கண்ணு! தட்டினால் வந்துவிடுகிறதே!"

பெண்ணும் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்களை மனம் போனபடி தட்டினாள். என்ன ஆச்சரியம்! கறுப்புத் திரை விலகி வர்ணத் திரை வந்து விட்டது. நாம் வாய் விட்டுச் சிரித்தோம். பாட்டியும் வெள்ளை வெளேரென்ற பற்கள் தெரியச் சிரித்தாள். நண்பர் வழக்கம் போல் வாயைக் கையால் மறைத்துக் கொண்டு சிரித்தார். பெண் மாத்திரம் சிரிக்கவில்லை.

"பாட்டி சொல்வதுதான் சரி, மாமா. இதே மாதிரி ஒரு கோளாறினால் போன மாதம் உலகத்துப் பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் திண்டாடிப் போனார்கள்" என்றாள்.

அந்தக் கதையைக் கேட்டுக் கொண்டு உட்கார்ந்தபடியால்தான் அருவி தப்பிப் போயிற்று.

* * *

கணினி என்பது வெறும் தகடும் கம்பியும் அல்ல. அதனுள்ளே இயங்குதளம் என்று ஒன்று உண்டு. அந்த இயங்குதளத்துக்கும் உயிர்நாடியான பகுதியைக் 'கெர்னல்' என்கிறார்கள். பெரிய கலியாண வீட்டில் யாருக்கு எப்போது இலை போடுவது, யாருக்கு எந்த அறை, உக்கிராணச் சாவி யாரிடம் என்பதையெல்லாம் ஒருவர் இருந்து கவனிக்கிறார் அல்லவா? அவர் ஒரு நிமிஷம் அசந்தால் மாப்பிள்ளை பட்டினி. கெர்னலின் உத்தியோகம் அதுதான்.

கெர்னல்களுள் 'லினக்ஸ்' என்பது பெயர் பெற்றது. பின்லாந்து தேசத்தில் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ம் வருஷம், தமது இருபத்தோராவது வயதில் எழுத ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இன்று உலகெங்குமிருந்து ஆயிரக் கணக்கானவர்கள் அதைத் திருத்திக் கொண்டிருக்கிறார்கள். உலகத்தின் மிக வேகமான 500 கணினிகளும் 2017-ம் வருஷத்திலிருந்து இந்தக் கெர்னலைக் கொண்டே ஓடுகின்றன.

"இதெல்லாம் நமக்கு எதற்கு? நமக்குக் கேழ்வரகும் மாம்பழமும் போதாதா?" என்று தர்மபுரி வாசகர் ஒருவர் கேட்கக் கூடும். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் அன்றைய விலையைக் கைப்பேசியில் விசாரிக்கிறாரே விவசாயி, அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். தமிழ்நாடு அரசாங்கம் 2011-ம் வருஷம் முதல் மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கிய மடிக்கணினிகளிலும் அது வந்தது. ஆரம்பத்தில் கொடுத்த யந்திரங்களில், சென்னையில் உள்ள சி-டாக் நிலையத்தார் இந்திய பாஷைகளுக்கென்று லினக்ஸைக் கொண்டு அமைத்த 'பாஸ்' என்னும் இயங்குதளமும் இடம் பெற்றிருந்தது. ஆகவே, ஹெல்ஸிங்கியில் போட்ட விதை நம் கிராமத்துக் கூடங்களிலும் முளைத்து வெகு நாளாகிறது.

* * *

இனிக் கதைக்கு வருவோம்.

நேற்று வரை வேலை செய்தது, புதிய பதிப்பைப் போட்ட பிறகு வேலை செய்யாமற் போனால், அதற்கு நிபுணர்கள் 'பின்னடைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2019-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் 5.3 என்னும் லினக்ஸ் பதிப்பு வெளிவர வேண்டியிருந்தது. வெளியீட்டுக்குச் சில நாட்களே பாக்கி. அந்தச் சமயத்தில், பரீட்சைப் பதிப்பைத் தமது மடிக்கணினியில் போட்டுப் பார்த்த ஒருவர், யந்திரம் பாதி வழியில் நின்றுவிடுகிறதென்று எழுதினார். பழைய பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் சேருகின்றன. ஒவ்வொன்றாகப் பரிசோதித்தால் ஆயுள் போதாது.

இதற்கு ஒரு யுக்தி உண்டு. வீட்டுக் கணக்குப் புத்தகம் எழுதுகிற நம் சகோதரிகளுக்கு அது எளிதில் விளங்கும். சித்திரை முதல் தேதியில் கையிருப்பும் கணக்கும் ஒத்துப் போயின; பங்குனிக் கடைசியில் 40 ரூபாய் உதைக்கிறது. புத்திசாலியான இல்லத்தரசி சித்திரையிலிருந்து வரி வரியாய்ப் பார்க்க மாட்டாள். நேராகப் புரட்டாசிக் கடைசிக்குப் போவாள். அங்கே கணக்கு ஒத்துப் போனால் தவறு பிற்பாதியில்; இல்லாவிட்டால் முற்பாதியில். மறுபடியும் அந்தப் பாதியைப் பாதியாக்குவாள். இப்படியே போனால், 16,000 திருத்தங்களாயிருந்தாலும் பதினான்கே சோதனைகளில் ஒற்றைத் திருத்தத்தில் வந்து நிற்கலாம். கெர்னல் திருத்தங்களைப் பதிவு செய்து வைப்பதற்காக டோர்வால்ட்ஸ் 2005-ம் வருஷத்தில் ஆக்கிய 'கிட்' என்னும் கருவியிலேயே இப்படிப் பாதி பாதியாய்ப் பிரித்துத் தேடுவதற்கு வசதி இருக்கிறது.

வழி சுலபமே தவிர வேலை சுலபமல்ல. ஒவ்வொரு சோதனைக்கும் கெர்னலைப் புதிதாகச் சமைத்து எடுத்து, யந்திரத்தை அணைத்து மூட்டிப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினியானால் ஒரு தடவை சமைக்கவே மணிக் கணக்கில் ஆகும். அதிலும் இந்த மாதிரி நின்று போகும் கோளாறு, நாம் பொறுமையிழந்து ஒரு பொத்தானைத் தட்டிவிட்டால் மறைந்துவிடும்! 'சரியாயிருக்கிறது' என்று ஒரே ஒரு தடவை தப்பாகக் குறித்துவிட்டால், பிற்பாடு வரும் சோதனைகளெல்லாம் தப்பான பாதியிலேயே நடக்கும்.

அந்த அன்பர் பொறுமையாய்ச் சோதித்துக் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். பிடிபட்டதைப் பார்த்தவர்களுக்கு மேலும் குழப்பமே உண்டாயிற்று.

* * *

பிடிபட்டது 'எக்ஸ்ட்4' என்னும் பகுதியில் செய்த ஒரு சிறு திருத்தம். கோப்புகளை வட்டில் ஒழுங்காக வைத்து எடுப்பது அந்தப் பகுதியின் பொறுப்பு. கோப்புகளின் விவரங்களைப் படிக்கும்போது, முன்பெல்லாம் வட்டுக்குத் தனித்தனியாகப் பல சிறு விண்ணப்பங்கள் போய்க் கொண்டிருந்தன. கடுகுக்கு ஒரு தடவை, சீரகத்துக்கு ஒரு தடவை, மிளகாய்க்கு ஒரு தடவை என்று பையனைக் கடைக்கு ஓட்டுவது போல. புதிய திருத்தம் அவற்றையெல்லாம் ஒரே சீட்டில் எழுதி ஒரே நடையில் வாங்கி வரச் செய்தது. யாரும் குறை சொல்ல முடியாத நல்ல காரியம்!

கடைக்கு ஒரே தடவை போனால் வீடு ஏன் ஸ்தம்பிக்க வேண்டும்?

அதற்குக் காரணம் வேறொரு மூலையில் இருந்தது. கணினிக்கு அடிக்கடி, யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் தேவைப்படுகின்றன. பாங்கிக் கணக்கைப் பூட்டும் ரகசியச் சாவிகள் அப்படிப்பட்ட எண்களிலிருந்தே பிறக்கின்றன. ஆனால் கணினியோ சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிராணி. அதனிடத்தில் 'ஊகிக்க முடியாதது' ஏது? ஆகவே கெர்னல் வெளியுலகத்தைக் கவனிக்கிறது. மனிதர் பொத்தானைத் தட்டும் நேரம், வட்டு 'வேலை முடிந்தது' என்று வந்து கதவைத் தட்டும் நேரம் ஆகியவற்றை நுட்பமாக அளந்து, அவற்றில் உள்ள ஒழுங்கின்மையைக் காசு காசாக ஓர் உண்டியலில் சேர்க்கிறது. உண்டியல் போதிய அளவு நிறையும் வரையில், 2014-ல் ஏற்பட்ட ஒரு வழியின்படி எண் கேட்பவர்களை, "சற்றுப் பொறும்" என்று நிறுத்தி வைக்கிறது.

இந்த ஜாக்கிரதை அனாவசியம் என்று நினைக்க வேண்டாம். 2012-ம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர்கள் இணையத்தில் உள்ள சாவிகளைப் பரிசோதித்தபோது, எவ்வளவோ கருவிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலே ஒரே சாவியை வைத்திருக்கக் கண்டார்கள். உண்டியல் நிறைவதற்குள் அவசரப்பட்டு எண் வாங்கியதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஊரில் பத்து வீட்டுக்கு ஒரே சாவி என்றால் திருடனுக்குக் கொண்டாட்டந்தானே?

இப்போது நடந்ததைப் பாருங்கள். புதிய திருத்தத்தால் வட்டு கதவைத் தட்டுவது குறைந்தது. உண்டியலில் விழும் காசும் குறைந்தது. திரையைத் திறக்கும் நிரல் வந்து எண் கேட்டது. கெர்னல், "பொறும்" என்றது. திரை வரட்டும் என்று மனிதர் கையைக் கட்டிக் கொண்டு காத்திருந்தார். எண் வரட்டும் என்று திரை காத்திருந்தது. யாராவது தட்டட்டும் என்று உண்டியல் காத்திருந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து அப்படியே நின்று போனார்கள்! பாட்டி சொன்னபடி எதையாவது தட்டியிருந்தால் உண்டியலில் நாலு காசு விழுந்து வண்டி நகர்ந்திருக்கும்.

* * *

இந்த வழக்கில் தண்டனை யாருக்கு?

கோப்புப் பகுதி, "நான் வேலையைக் குறைத்தேனே தவிர எதையும் கெடுக்கவில்லை" என்றது, வாஸ்தவம். எண் கொடுக்கும் பகுதி, "பாதுகாப்புக்காகக் காக்க வைத்தேன்" என்றது, அதுவும் வாஸ்தவம். உண்மையில் பிழை, மற்றவர்கள் புண்ணியத்தில் உண்டியல் நிறையும் என்று நம்பியிருந்த ஏற்பாட்டில் இருந்தது. வட்டின் சோம்பலை நம்பி ஒரு வீடு நடந்திருக்கிறது! வேடிக்கை என்னவென்றால், அப்போது அந்த இரண்டு பகுதிகளுக்கும் பொறுப்பாளர் தியோடர் ட்ஸோ என்னும் ஒரே மனிதர். அப்படியிருந்தும் இரண்டுக்கும் இப்படி ஒரு பந்தம் இருப்பது முன்கூட்டித் தெரியவில்லை.

நீண்ட விவாதம் நடந்தது. காக்க வைக்காமல் எண்ணைக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். அது கதவைத் திறந்து போடுவதாகும் என்றார்கள் மற்றவர்கள். டோர்வால்ட்ஸ் செய்த தீர்மானம் நம் கவனத்துக்குரியது. செப்டம்பர் 15-ந் தேதி 5.3 பதிப்பை வெளியிட்டபோது, குற்றமற்ற கோப்புத் திருத்தத்தையே அவர் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டார். அது தன் வேலையை மிக நன்றாகச் செய்தது என்று ஒப்புக் கொண்டே நீக்கினார். நிரலில் பிழை இருக்கிறதா என்பதல்ல கேள்வி; நேற்று வேலை செய்த யந்திரம் இன்று ஒருவருக்கு வேலை செய்கிறதா என்பதே கேள்வி என்பது அவருடைய சித்தாந்தம். முதலில் அவருடைய யந்திரம் ஓடட்டும். யார் மேல் பழி என்பதைப் பிற்பாடு சாவகாசமாகப் பார்த்துக் கொள்ளலாம்.

அதோடு நிறுத்திக் கொள்ளவும் இல்லை. அதே மாதக் கடைசியில் உண்மையான கோளாறுக்கு மருந்து செய்தார். யாராவது தட்டுவார்கள் என்று காத்திராமல், அவசியம் ஏற்பட்டால் கெர்னல் தானே தன் கடிகாரத்தின் மிக நுண்ணிய தடுமாற்றங்களை அளந்து, ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் உண்டியலை நிரப்பிக் கொள்ளும்படி செய்தார். இம்முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது பற்றி நிபுணர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் நின்று போன யந்திரங்கள் நகர்ந்தன. உடனே, நீக்கி வைத்த நல்ல திருத்தத்தைத் திரும்ப அழைத்துச் சேர்த்துக் கொண்டார். நவம்பர் 24-ந் தேதி வெளியான 5.4 பதிப்பில் இரண்டும் சேர்ந்தே வந்தன.

* * *

பெண் இதைச் சொல்லி முடித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடப் போயிருந்த அவளுடைய தம்பி ஓடி வந்து அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏழு வயதுப் பையன். புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டும் முத்துப் போல் இருந்தன.

நண்பர் அந்தப் பற்களைப் பார்த்துக் கொண்டே, "எங்கள் வீட்டிலும் ஒரு பின்னடைவு உண்டு" என்றார். வழக்கமாக வாயை மறைக்கும் கையை எடுத்துவிட்டார். அவருடைய பற்களில் பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. பெண்ணின் பற்களிலும் அவற்றின் சாயல் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

பாட்டி சிறு பெண்ணாயிருந்தபோது ஊர்த் திறந்த கிணற்றில் நீர் இறைத்தார்கள். நண்பர் குழந்தையாயிருந்தபோது ஆழ்குழாய்க் கிணறும் கைப்பம்பும் வந்துவிட்டன. திறந்த கிணற்று நீரில் வாந்திபேதிக் கிருமி இருக்கக் கூடும். பாறையைத் துளைத்து எடுத்த நீரில் அந்தப் பயம் குறைவு. அதுவும் யாரும் குறை சொல்ல முடியாத நல்ல திருத்தந்தான். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல இடங்களில் அடியில் உள்ள பாறையில் புளோரைடு இருக்கிறது. ஆழத்தில் வெகு காலம் பாறையோடு உறவாடிய நீரில் அது கரைந்துவிடுகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாமலிருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் ஒன்றரையைத் தாண்டலாகாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகிறது. அளவு மீறினால், வளரும் குழந்தையின் பல்லில் கறை படிகிறது. நெடுங்காலம் குடித்தால் மூட்டு இறுகி எலும்பும் வளைகிறது.

பாட்டியின் பல் வெள்ளை, மகனுடையது பழுப்பு, பேத்தியுடையதும் அப்படியே, 2012-ல் பிறந்த பேரனுடையது மறுபடியும் வெள்ளை. ஏனெனில் 2013-ம் வருஷத்தில் ஒக்கேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப் பெற்று, காவேரி நீர் இந்த ஊருக்கும் வந்துவிட்டது. ஒரே குடும்பத்தின் பற்களில், எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் தப்பு என்ற கணக்கு முழுவதும் எழுதியிருந்தது.

"கணினியாயிருந்தால் ஒரே நாளில் பழைய பதிப்புக்குத் திரும்பியிருக்கலாம்" என்றார் நண்பர். "எங்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பழைய கிணற்றுக்குப் போனால் வாந்திபேதி. ஆற்று நீர் வரும் வரையில் இதையேதான் குடித்தோம்."

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பாதி பாதியாய்ப் பிரித்துத் தேடும் யுக்தி, 'எப்போதிலிருந்து' என்பதைச் சொல்லும்; 'எதனால்' என்பதைச் சொல்லாது. கோப்புத் திருத்தத்தின் மேல் குற்றம் இல்லாதது போலவே கைப்பம்பின் மேலும் குற்றம் இல்லை. ஆனால், "இது வந்த பிறகுதான் இப்படி ஆயிற்று" என்று உபயோகிக்கிறவர் ஒருவர் சொன்னால், "திருத்தம் நல்ல திருத்தம், உமக்குத்தான் தெரியவில்லை" என்று அவர் வாயை அடைப்பது நியாயமாகாது. கெர்னல்காரர்கள் அந்தப் பேச்சைச் சாட்சியமாக எடுத்துக் கொண்டார்கள். அதனால் இரண்டு வாரத்தில் நோயும் தீர்ந்தது, நல்ல திருத்தமும் பிழைத்தது. திரும்பிப் போக முடியாத காரியங்களில், அதாவது தண்ணீரிலும் மருந்திலும் குழந்தைகள் உண்ணும் உணவிலும், அந்தச் சாட்சியத்துக்கு இன்னும் எவ்வளவோ சீக்கிரமாகச் செவி சாய்க்க வேண்டும் அல்லவா?

பெண் ஒரு சிறு நிரலைச் சேர்த்து, தட்டாமலே திரை வரும்படி செய்துவிட்டாள். பாட்டிக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை ஏற்படவில்லை. நாம் விடை பெற்றுக் கொண்டபோது, "எதற்கும் நாலு தட்டுத் தட்டி வை, கண்ணு!" என்று சொல்லிக் கொண்டிருந்தாள்.